நூலகம் வாங்காத நிலா

2020-இல் நியூயார்க் பொது நூலகம் தன் 125-ஆம் ஆண்டையொட்டி, அதுவரை அதிகம் இரவல் போன பத்துப் புத்தகங்களின் பட்டியலை வெளியிட்டது. பத்துக்கும் கீழே, சிறப்புக் குறிப்பாக இன்னொரு பெயர்: மார்கரெட் வைஸ் பிரவுன் எழுதி, கிளெமென்ட் ஹர்ட் படம் வரைந்த 'குட்நைட் மூன்'. பத்துக்குள் வராததற்குக் காரணத்தையும் நூலகமே சொன்னது. 1947-இல் வெளியான அந்தப் புத்தகத்தை அவர்கள் 1972 வரை வாங்கவே இல்லை.

இந்தக் கதையில் வில்லியாக வழக்கமாகக் காட்டப்படுபவர் ஆன் கரோல் மூர். 1906 முதல் 1941 வரை அங்கே குழந்தைகள் பிரிவின் தலைவர். ஓய்வுக்குப் பிறகும் அவர் சொல்லுக்கு அங்கே எடை இருந்தது. ஆனால் அவரை வில்லி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. சிறுவர்களை நூலகத்துக்குள் விடவே பலர் யோசித்த காலத்தில், அவர்களுக்கென்று தனி அறை, கதை சொல்லும் நேரம், வீட்டுக்கு எடுத்துப் போகும் உரிமை எல்லாவற்றுக்கும் போராடியவர் அவர். கதவைத் திறந்தவரின் ரசனையே பிறகு கதவுக்குத் தாழ்ப்பாளும் ஆச்சு. சிக்கல் அங்கேதான்.

மூருக்குப் பிடித்தது தேவதைக் கதை, மாயம், அழகிய மொழி. எதிர்முகாமில் லூசி ஸ்பிரேக் மிட்செல். சின்னக் குழந்தைக்கு அரசகுமாரியைவிட தெருவில் போகிற வண்டியே பெரிய அதிசயம் என்றவர். 1921-இல் அந்த நோக்கில் ஒரு கதைத் தொகுப்பும் போட்டார். பிரவுன் பயின்றது இவரிடம்.

சரி, புத்தகத்துக்கு வருவோம். கதை என்று ஒன்றும் கிடையாது. ஒரு முயல்குட்டி தன் அறையில் உள்ள பொருள்களுக்கு ஒவ்வொன்றாக இரவு வணக்கம் சொல்கிறது, அவ்வளவுதான். தாளை மட்டும் கையில் எடுத்தால் யாருக்கும் 'இதில் என்ன இருக்கு?' என்றுதான் தோன்றும். ஆனால் படங்களைப் பாருங்க. கடிகாரம் ஏழு மணியில் தொடங்கி எட்டு பத்துக்கு நகர்கிறது. நிலா மெல்ல ஏறுகிறது, அறை பக்கத்துக்குப் பக்கம் இருள்கிறது. வண்ணப் பக்கங்களில் ஒரு சுண்டெலி இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. வாசிக்கிற பெரியவர் வரியில் இருக்கும்போது, மடியில் இருக்கிற குழந்தை எலியைத் தேடிக்கொண்டிருக்கும். நடுவில் படமே இல்லாத வெற்றுப் பக்கம் ஒன்றும் வருகிறது. அந்த வெறுமைக்கும் ஒரு வணக்கம் உண்டு.

நம் தாலாட்டில் யாராவது கதை கேட்கிறார்களா? மாமன், அத்தை, தொட்டில் என்று பெயர்களை அடுக்கிக்கொண்டே போவோம். அந்த அடுக்கும் குரலும்தான் குழந்தையைத் தூங்க வைக்குது. பிரவுனின் புத்தகமும் அந்த ஜாதிதான். மேசையில் வைத்து மௌனமாகப் படிப்பவருக்கு அதில் பாதிதான் கிடைக்கும். மிச்சம் இன்னொருவர் மடியில் இருக்கு.

நூலகம் ஒதுக்கியும் புத்தகம் சாகவில்லை. 1953-இல் ஆண்டுக்குச் சுமார் 1,500 பிரதிகள் விற்றது, 1970-இல் 20,000-ஐத் தொட்டது. விமர்சகர்களைவிட, தூங்காத குழந்தைகளைப் பெற்றவர்களே அதைக் கைமாற்றிக் காப்பாற்றியிருக்க வேண்டும். பிரவுன் இதைப் பார்க்கவில்லை. 1952-இல், 42 வயதில் இறந்துவிட்டார்.

மோசமான ரசனை தடுத்திருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். இங்கே தடுத்தது நல்ல ரசனை. சிறார் நூலுக்கு மதிப்பெண் போடுகிற நாம் எல்லாருமே கொஞ்சம் பயப்பட வேண்டிய விஷயம் இது.