கோறணமேந்தின் குரலும் எமது பட்டதாரிகளும்

'கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்' என்ற யாழ்ப்பாணத்து முதுமொழி கடல் தாண்டியும் சாகவில்லை. வெக்ஸ்போர்ட்டிலும் அதைச் சூழ்ந்த ஸ்காபரோத் தெருக்களிலும் எம்மவரின் பிள்ளைகள் பட்டம் பெற்று, அமைச்சுகளின் 'தொடர்பாடல்' பிரிவுகளில் வேலை தேடுகிறார்கள். ஊடக அறிக்கை, விளம்பர வாசகம், அமைச்சரின் உரை, மொழிபெயர்த்த அறிவித்தல் என அரசு பேசுவதை எழுதிக்கொடுக்கும் உத்தியோகம் இது. சம்பளமும் ஓய்வூதியமும் உண்டு. பெற்றோர் மகிழ்வதில் பிழையில்லை. ஆயினும் இதனை மற்றைய அரச வேலைகளோடு ஒன்றாக வைத்து எண்ணிவிட முடியாது. கணக்காளர் அரசுக்குத் தன் உழைப்பைக் கொடுக்கிறார். தொடர்பாடல் அலுவலரோ தன் மொழியையும் கொடுக்கிறார். எமது அனுபவத்தில் இந்த இரண்டாவது கொடுப்பனவின் விலை பெரிது.

பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பு 1941 மே மாதத்தில், உலக யுத்தத்தின் நடுவே தொடங்கியது. பேரரசுக்குத் தன் குடிகளின் காது தேவைப்பட்டபோதுதான் தமிழும் தேவைப்பட்டது. அதே ஆண்டு அந்நிறுவனத்தின் கீழைத்தேயப் பிரிவில் இந்தியாவுக்கான நிகழ்ச்சிகளைத் தயாரிக்கச் சேர்ந்த ஜோர்ஜ் ஓர்வெல், 1943இல் விலகினார். உண்மை அமைச்சு ஒன்றைக் கற்பனை செய்த '1984' நாவல் 1949இல் வெளிவந்தது. அரச ஒலிபரப்பை உள்ளிருந்து அறிந்தவர் எழுதிய நாவல் அது.

இலங்கையில் நிலைமை வேறொரு விதத்தில் மோசமானது. 1956இன் தனிச்சிங்களச் சட்டத்தின் பின், அரசு ஒரு மொழியில் தீர்மானித்ததை இன்னொரு மொழியில் அறிவிப்பதே தமிழ்ப் பட்டதாரியின் வேலையாகச் சுருங்கியது. தீர்மானிக்கும் மேசையில் அவருக்குக் கதிரை இல்லை. அறிவிக்கும்போது மட்டும் அவர் நா தேவை. 1983 ஜூலை 24 இரவு தொடங்கிய வன்செயலின் பின், 28ஆம் திகதி தொலைக்காட்சியில் தோன்றிய ஜே.ஆர். ஜயவர்த்தனா, பாதிக்கப்பட்ட தமிழருக்கு ஓர் அனுதாபச் சொல்லும் சொல்லவில்லை. அப்படிப்பட்ட மௌனத்தை எப்படி மொழிபெயர்ப்பது? அரச தமிழில் அதற்கும் ஒரு சொல் உண்டு: 'அசம்பாவிதம்'. கொலை, தீவைப்பு, கொள்ளை யாவும் அதற்குள் அடங்கும். செய்தவர் மட்டும் அதற்குள் இல்லை.

2009இல் இந்தச் சொல்லாக்கம் உச்சத்தைத் தொட்டது. வன்னியின் கடைசி யுத்தம் 'மனிதாபிமான நடவடிக்கை' ஆயிற்று. முள்வேலிக்குள் மக்கள் அடைக்கப்பட்டு, வெளியேற உரிமையின்றி வைக்கப்பட்டிருந்த மெனிக் பாம் 'நலன்புரிக் கிராமம்' ஆயிற்று. யுத்த வலயத்தில் சிகிச்சையளித்த வைத்தியர்கள், தடுப்பில் இருந்தபடியே 2009 ஜூலை 8 அன்று ஊடகவியலாளர் முன் நிறுத்தப்பட்டு, தாம் முன்னர் சொன்ன இழப்புக் கணக்குகளை மறுத்தனர். அதுவும் அரச தொடர்பாடல்தான். 'நலன்புரி' என்ற சொல் தானாகத் தமிழுக்கு வந்துவிடவில்லை. இலக்கணம் கற்ற ஒருவர் அதை அங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார். அதில் புணர்ச்சிப் பிழை எதுவும் இல்லை.

அரசை மட்டும் குறை கூறி எம்மை விடுவித்துக் கொள்ளவும் முடியாது. இயக்கங்களின் பிரசுரங்களையும் வானொலியையும் நடத்தியவர்களிலும் படித்தவர்கள் இருந்தார்கள். 'துரோகி' என்ற ஒரே சொல், கொலைக்கு விளக்கம் கேட்கும் தேவையையே இல்லாமற் செய்தது. 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் துரத்தப்பட்டபோதும் எமது பிரசார மொழி கூசவில்லை.

'கனடா அப்படியல்ல' என்பார்கள். உண்மை, இங்கே சட்டங்கள் உண்டு. ஆனால் அவையும் அசைகின்றன. ஒன்ராறியோவில் 2004இன் அரச விளம்பரச் சட்டம், கட்சிச் சார்பான விளம்பரத்தைத் தடுக்கும் அதிகாரத்தைக் கணக்காய்வாளர் நாயகத்துக்குக் கொடுத்தது; 2015இல் வந்த திருத்தம் 'கட்சிச் சார்பு' என்பதன் வரையறையைக் குறுக்கி அந்த அதிகாரத்தை மெலிவித்தது. மத்தியில் 'கனடா அரசாங்கம்' என்று எழுத வேண்டிய அறிக்கைகளில் 'ஹார்ப்பர் அரசாங்கம்' என்று எழுதும்படி அலுவலர்கள் பணிக்கப்பட்டதாக 2011இல் செய்தி வந்தது. கட்சிச் சார்பின்மையை வரையறுத்த புதிய கொள்கை 2016இல்தான் வந்தது.

எனினும் என் கவலை கட்சி பற்றியதன்று. ஒன்ராறியோவில் சட்டப்படியிருந்த இரண்டு நாள் சம்பளத்துடனான விடுப்பு 2019 ஜனவரி முதலாம் திகதியோடு நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டு கொரோனா வந்தது. 'நோய்க்குறி இருந்தால் வீட்டில் இருங்கள்' என்ற தமிழ் அறிவித்தல் எங்கள் தொழிற்சாலையின் உணவறைச் சுவரிலும் ஒட்டப்பட்டது. நல்ல தமிழ். அந்த நாட்சம்பளத்தை யார் தருவார் என்பதற்கு மட்டும் அதில் ஒரு வரி இல்லை. 2020 இலையுதிர் காலத்தில் வந்த மத்திய அரசின் உதவித்தொகை, வாரத்தில் பாதி வேலையையாவது இழந்தவருக்கே கிடைத்தது. மாகாணத்தின் மூன்று நாட்கள் 2021 ஏப்ரலில் வந்து, 2023 மார்ச்சோடு முடிந்தன. அறிவித்தலைத் தமிழாக்கியவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அதை வாசிப்பவர்களின் வாழ்க்கையை அறிந்த ஒருவர், அந்த வாழ்க்கையை மேலிடத்துக்குச் சொல்ல வழி இருந்ததா? செய்தி கீழே மட்டும் ஓடுமானால் அதற்குத் தொடர்பாடல் என்று பெயரிடுவதே பிழை.

அரசில் சேர்வதே துரோகம் என்ற பழைய கூச்சலை நான் வழிமொழியவில்லை. அப்படி எல்லோரும் விலகி நின்றால் எமது மூதாட்டிகளுக்கு வரும் கடிதத்தை இயந்திரம்தான் எழுதும். வேறுபாடு ஒன்றைக் காணவேண்டும் என்றே கேட்கிறேன். இலங்கையின் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பொது அதிகார சபைகளில் 'தகவல் அலுவலர்' என்ற பதவியை உண்டாக்கியது. குடிமகன் கேட்டால், 14 வேலை நாட்களுக்குள், கொடுப்பதா மறுப்பதா என்று அவர் தீர்மானித்தாக வேண்டும். நடைமுறையில் குறைகள் இருக்கலாம். ஆனால் அந்த அலுவலரின் வேலை மக்களின் கேள்வியிலிருந்து தொடங்குகிறது. ஊடக அலுவலரின் வேலை அமைச்சரின் விருப்பத்திலிருந்து தொடங்குகிறது.

இந்த வேலைக்குப் போகும் எமது இளையவர்கள் சம்பளப் படிநிலையைக் கேட்பதோடு, மக்களின் கேள்வியை மேலே கொண்டுசெல்லத் தமக்கு இடமுண்டா என்பதையும் நேர்முகத் தேர்விலேயே கேட்கட்டும். இல்லையென்றால், எந்தச் சொல்லை மொழிபெயர்க்க மாட்டோம் என்பதையாவது முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு போகட்டும். அந்தச் சொற்களின் பட்டியலைத் தயாரித்துக் கொடுப்பது, இரு தரப்புத் தமிழையும் கேட்டு வளர்ந்த எமது தலைமுறையின் கடமை.