மங்கள இசைக்கு மதிப்புரை கிடையாது

புதிய இசைப்பதிவுகளுக்கு வரும் மதிப்புரைகளில் பெயரடைகளை மட்டும் அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். 'உருக்கமான' கல்யாணி, 'கனமான' தோடி, 'சுத்தமான' பாடாந்தரம். இவை போனால் மிஞ்சுவது ராகங்களின் பெயரும் பக்கவாத்தியக்காரர்களின் பெயரும்தான். ரோலான் பார்த் 1972இல் எழுதிய 'குரலின் சொரசொரப்பு' கட்டுரையில் இதைத்தான் சாடினார்: இசைக்கு முன்னால் மொழி தன்னிடம் உள்ளதிலேயே வறுமையான பெயரடையைத்தான் நீட்டுகிறது. அதற்குப் பதிலாகப் பாடுகிறவரின் உடம்பைக் கேட்கச் சொன்னார். பிஷர்-டீஸ்கவ் பாட்டில் நுரையீரல் மட்டும்தான் கேட்கிறது, நாக்கும் பல்லும் தொண்டையும் கேட்கவில்லை என்பது அவர் குறை.

நாகஸ்வரத்திடம் வந்தால் பார்த்தையே கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. இங்கே மூச்சு வெறும் காற்றில்லை, அதுதான் இலக்கணம். சீவாளியில் உதடு கொடுக்கிற அழுத்தமும், துளையைப் பாதி மூடுகிற விரலும், மூச்சின் ஏற்ற இறக்கமும் சேர்ந்துதான் கமகம். டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் (1898-1956) தோடி, பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம் ஓடுகிற தட்டிலும் நிற்கிறது என்றால், இந்த உடம்பு அந்தக் கீறல் சத்தத்தைத் தாண்டி வருவதால்தான்.

இன்றைய நாகஸ்வரப் பதிவுகள் பலவும் எந்தத் தலைப்பில் வருகின்றன? 'மங்கள இசை'. கிரகப்பிரவேசத்துக்கும் கல்யாணத்துக்கும் போட்டுவிட வேண்டியது. வாய்ப்பாட்டுப் பதிவு என்றால் மதிப்புரை. இது என்றால் பந்தல், வாழைமர வரிசையில் ஒரு சாமான். சபா விழாக்களிலும் நாகஸ்வரத்தைத் தொடக்கத்துக்கு வைத்து, மங்களகரம் என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். பெயரடையிலேயே கொடூரமானது இதுதான். புகழ்வது போலப் புகழ்ந்து கலையிலிருந்து சடங்குக்குத் தள்ளிவிடுகிறது. கோயிலோடும் சாதியோடும் கட்டிவைக்கப்பட்ட கலைஞர்களை அங்கேயே நிறுத்திவைக்க இந்த ஒரு சொல் போதும்.

இன்னொரு காரணமும் உண்டு. நம் விமர்சனம் சாகித்யத்தைப் பிடித்துக்கொண்டுதான் இசைக்குள் நடக்கும். சுவாமி புறப்பாட்டில் வாசிக்கிற மல்லாரிக்குச் சாகித்யம் இல்லை. அர்த்தம் சொல்ல வார்த்தை இல்லாத இடத்தில் விமர்சகருக்கு வாய் அடைத்துப்போகிறது. தமிழ் படித்த நமக்கு இது சங்கடமான விஷயம்தான்.

ஆகவே மதிப்புரையாளர் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. திறந்தவெளிக்கென்று பிறந்த வாத்தியத்துக்கு மைக்கை எங்கே வைத்தார்கள்? தவில் சரிசமமாக நிற்கிறதா, பின்னால் ஒதுங்கிவிட்டதா? ஒத்து ஊத ஆள் இருக்கிறாரா, சுருதிப் பெட்டியா? மூச்சு எடுக்கிற சத்தத்தை அழுக்கு என்று வெட்டியிருக்கிறார்களா? தவில்காரர் பெயர் போட்டிருக்கிறதா?

கல்யாண வீட்டில் வித்வான் உட்கார வேண்டிய இடத்தில் இந்தப் பதிவுதான் இன்று உட்கார்ந்திருக்கிறது. அவர் கூலியையும் சேர்த்து எடுத்துக்கொண்ட பொருளை, மங்களம் என்று சொல்லிக் கேட்காமல் விட முடியாது.