மூடிய வீட்டுக்கு எழுதிய கையேடு

நியூஜெர்சியில் வீடு வாங்கிய லாத்தா, பேஸ்மென்ட்டில் ரேடான் டெஸ்ட் பண்ணியிருக்கிறாள். 5 பிக்கோகியூரி வந்ததாம். தரைக்கு அடியிலிருந்து குழாய் போட்டு, ஃபேன் வைத்து, வாயுவைக் கூரைக்கு மேலே தள்ளிவிட்டார்கள். அடுத்து எனக்கு உத்தரவு: "பரங்கிப்பேட்டை வீட்டையும் பாரு, வாப்பாவுக்கு இருமல் விடவே மாட்டேங்குது." கூடவே ஒரு கையேடு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1986-இல் வெளியிட்டு, பிறகு பலமுறை திருத்திய ரேடான் வழிகாட்டி அது.

படித்தேன். நல்ல கையேடுதான். அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 21,000 நுரையீரல் புற்றுநோய்ச் சாவுகளுக்கு ரேடான் காரணம் என்று நேராகச் சொல்கிறது. 4 பிக்கோகியூரியைத் தாண்டினால் வீட்டைச் சரிசெய் என்கிறது. அதற்குக் கீழே ஆபத்தே இல்லை என்று பொய் சொல்லவில்லை. (உலக சுகாதார நிறுவனம் 2009-இல் சொன்ன 100 பெக்கரெல், கணக்குப் போட்டால் 2.7 பிக்கோகியூரிதான் வரும்.)

ஆனால் அதை அப்படியே நம்ம ஊருக்குக் கொண்டுவர முடியாது. இரண்டு மூன்று நாள் சோதனை என்றால், 12 மணி நேரம் முன்பே கதவு ஜன்னலை அடைத்துவிடச் சொல்கிறது. குளிருக்குப் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு அது சரி. எங்கள் வீட்டில் முற்றம் வானத்தைப் பார்த்துக் கிடக்கிறது, கடல் காற்று வாசலில் நுழைந்து கொல்லையில் போகிறது. அடைத்து அளந்தால் கிடைப்பது யாரும் வாழாத வீட்டின் கணக்கு.

அதற்காக நமக்குக் கவலையே இல்லை என்பவர்களோடும் நான் சேரமாட்டேன். அவர்கள் காட்டுவது கருநாகப்பள்ளி ஆய்வை. கேரளத்தின் மோனசைட் மணல் கரையில் ஏறத்தாழ 70,000 பேரைப் பின்தொடர்ந்து, புற்றுநோய் கூடவில்லை என்று 2009-இல் வந்த முடிவு. அதில் கணக்கிட்டது வெளியிலிருந்து உடம்பில் படும் காமாக் கதிர். வீட்டுக்குள் மூச்சில் போகும் வாயு அல்ல. இதை வைத்து அதற்குத் தீர்ப்பு எழுதக்கூடாது.

மோனசைட்டில் இருப்பது தோரியம். அதிலிருந்து வருவது ரேடானின் தம்பி, தோரான். ரேடானின் அரை ஆயுள் 3.8 நாள், தோரானுக்கு 55 நொடிதான். அதனால் சுவரையும் தரையையும் ஒட்டியே நிற்கும், அறை நடுவே எட்டாது. லாத்தா வாங்கியது போன்ற கரித்தூள் டப்பாவில் அது சரியாகப் பிடிபடாது. பாபா அணு ஆராய்ச்சி மையம் இரண்டையும் பிரித்து அளக்கும் ஊசித்துளைக் கருவியை உருவாக்கியதே இதற்காகத்தான்.

இன்னொன்று, வாப்பாவின் அறை இப்போது ஏசி அறை. ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது, இருக்கும் காற்றையே குளிரவைத்துச் சுற்றும். ராத்திரி எட்டு மணி நேரம் அந்த அறை மட்டும் நியூஜெர்சி வீடு! அளந்தால் அங்கேதான் அளக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு மேல், வழக்கம்போலப் புழங்கிக்கொண்டே.

கையேட்டிலேயே எனக்கு முக்கியமாகப் பட்டது கடைசிப் பக்கங்களில் உள்ள இரண்டு அட்டவணைகள். வாழ்நாள் முழுக்க 4 பிக்கோகியூரியில் இருந்தால், புகைக்காத ஆயிரம் பேரில் 7 பேருக்கு நுரையீரல் புற்றுநோய் வரலாம். புகைப்பவர்களில் 62 பேருக்கு. இதை லாத்தா ஃபோனில் வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினாள். "சரி, சாயங்காலம் ஜன்னலைத் திறந்து வைக்கிறேன்" என்றார். சிகரெட் பாக்கெட் இன்னும் சட்டைப்பையில்தான் இருக்கிறது.