யார் சொல்லி எழுந்தது?

லினக்ஸ் உலகில் அதிகம் திட்டு வாங்கிய கட்டுரை எது என்று என்னைக் கேட்டால், 'ரீதிங்கிங் பிஐடி ஒன்' என்பேன். லென்னார்ட் போட்டரிங் 2010 ஏப்ரல் 30-ல் எழுதியது. இன்று பெரும்பாலான லினக்ஸ் சர்வர்களை எழுப்பிவிடும் 'சிஸ்டம்டி' என்ற மென்பொருளுக்கு அதுதான் முகவுரை. கே சீவர்ஸுடன் சேர்ந்து அவர் தொடங்கிய வேலை அது. அந்த மென்பொருளைப் பற்றி ஆயிரம் சண்டை நடந்திருக்கு. கட்டுரையைக் கட்டுரையாக வாசித்தவர்கள் குறைவு. அதைத்தான் இங்கே செய்துபார்க்கிறேன்.

முதலில் விஷயம். யுனிக்ஸ் வழிவந்த எந்தக் கணினியும் பவர் வந்ததும் முதலில் கெர்னலை ஏற்றிக்கொள்ளும். கெர்னல் தன் வேலை முடிந்ததும் பயனர் பக்கத்தில் ஒரே ஒரு புராசஸைத் தொடங்கும். அதன் எண் 1. அதன் பிறகு எழும் எல்லாமே நேராகவோ சுற்றிவளைத்தோ அதன் பிள்ளைகள்: நெட்வொர்க், லாக் எழுதுவது, டேட்டாபேஸ், பிரிண்டர். எது எழணும், எது தூங்கணும், எதற்குப் பிறகு எது என்ற முடிவுகள் எங்கோ எழுத்தில் இருக்க வேண்டும். அந்த எழுத்தின் வடிவம் எப்படி இருக்கணும் என்பதுதான் போட்டரிங்கின் கேள்வி.

அவருடைய வாதம் எளிது. வேகமாக எழ வேண்டுமென்றால் குறைவாகத் தொடங்கு. தொடங்குவதை ஒரே நேரத்தில் தொடங்கு. ஒன்று இன்னொன்றுக்காக ஏன் காத்திருக்கிறது? அதன் சாக்கெட் திறக்கட்டும் என்றுதானே? அப்படியென்றால் எல்லாச் சாக்கெட்டுகளையும் முதலிலேயே புராசஸ் 1 திறந்துவைத்துவிட்டால்? கேட்பவர் கேட்டுவிட்டு நிற்பார். கேள்வி வரிசையில் கிடக்கும். பதில் சொல்பவர் எழுந்ததும் எடுத்துக்கொள்வார். யார் முதலில் என்ற கணக்கே பாதி கரைந்துவிடுகிறது. இது புது யோசனை இல்லை. 1986-ல் வந்த 4.3பிஎஸ்டியின் 'இன்டெட்'டில் இதன் விதை இருந்தது. 2005-ல் ஆப்பிளின் 'லான்ச்டி' அதை முழுசாகச் செய்துகாட்டியது. லான்ச்டிக்குத் தான் பட்ட கடனைப் போட்டரிங் மறைக்கவில்லை.

உரைநடையாக எனக்குப் பிடித்த பகுதி, அவர் ஷெல் ஸ்க்ரிப்டுகளைத் தாக்கும் இடம். தன் கணினியின் தொடக்க ஸ்க்ரிப்டுகளில் 'கிரெப்' எத்தனை முறை, 'ஆக்' எத்தனை முறை என்று எண்ணுகிறார். பிறகு ஒரு அளவுகோல் தருகிறார்: கணினி எழுந்ததும் ஒரு டெர்மினலைத் திற, அதன் புராசஸ் எண்ணைப் பார். அவருடைய லினக்ஸில் 1823, மேக்கில் 154. அதாவது நீ உள்ளே நுழைவதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சின்னச் சின்ன புராசஸ்கள் பிறந்து செத்திருக்கின்றன. கோஷம் போடாமல், வாசகன் கையில் ஒரு கட்டளையைக் கொடுத்து நீயே பார் என்று விடுவது நல்ல விமர்சகனின் உத்தி.

ஆனால் கட்டுரை முழுக்க ஸ்க்ரிப்ட் என்பது மெதுவான, எளிதில் உடையும் ஒன்றாகவே வருகிறது. அது யாரோ எழுதிய பிரதி, அதற்குள் ஒருவருடைய நினைவு இருக்கலாம் என்ற எண்ணம் எங்கும் இல்லை. என் சிக்கல் இங்கேதான்.

கொஞ்சம் பின்னால் போவோம். 1979-ல் வந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் தொடக்கம் என்பது ஒரே ஸ்க்ரிப்ட். மேலிருந்து கீழே வாசித்தால் கணினி எழும் கதை. சிஸ்டம் ஃபைவ் வந்தபோது கதை துண்டாகி, ஒவ்வொரு சேவைக்கும் ஒரு கோப்பு ஆனது. வரிசை எங்கே? கோப்பின் பெயரில். 'எஸ்10 நெட்வொர்க்', 'எஸ்55 எஸ்எஸ்ஹெச்' என்று. எஸ் என்றால் ஸ்டார்ட், கே என்றால் கில். எண் வரிசையில் ஒவ்வொன்றாக ஓடும். நடுவில் யாராவது வருவார்கள் என்று இடைவெளி விட்டு எண் போடுவார்கள், பந்தியில் இலை போட்டு வைப்பது மாதிரி. இந்த எண்ணில் ஒரு குறை உண்டு. 55 என்பது 10-க்குப் பிறகு வரும். ஆனால் 10 இல்லாவிட்டால் 55 பிழைக்குமா? எண் சொல்லாது. 'பிறகு' தெரியும், 'ஏன்' தெரியாது.

சிஸ்டம்டியின் எதிர்ப்பாளர்கள் இந்தப் பழைய ஸ்க்ரிப்டுகளை ஏதோ செவ்விலக்கியம்போலப் பேசுவார்கள். யார் வேண்டுமானாலும் திறந்து வாசிக்கலாம், புரியும், திருத்தலாம் என்று. உண்மையில் வாசித்திருக்கிறீர்களா? முக்கால்வாசி ஸ்க்ரிப்டுகள் ஒரே மாதிரிக் கோப்பிலிருந்து நகல் எடுத்தவை. டெபியனில் அந்த மாதிரிக்கு 'ஸ்கெலிட்டன்' என்றே பெயர். நூற்றைம்பது வரியில் நூற்று நாற்பது வரி சடங்கு. சேவைக்கென்று சொந்தமான விஷயம் பத்து வரி இருந்தால் அதிகம். அந்தப் பத்து வரியைக் கண்டுபிடிக்கத்தான் பாதி ராத்திரி போகும். இதை வாசிப்பு எளிமை என்று சொல்றது பழைய ஊரைப் பற்றிய ஏக்கம், அவ்வளவுதான்.

போட்டரிங்குக்கு முன்பே இந்தக் குறைக்கு ஒரு அழகான விடை இருந்தது. 2000-ல் வந்த நெட்பிஎஸ்டி 1.5-ல் லூக் மியூபர்ன் கொண்டுவந்த 'ஆர்சி-டி' அமைப்பு. ஸ்க்ரிப்டின் தலையில் சில கமென்ட் வரிகள் இருக்கும்: நான் தருவது இது, எனக்குத் தேவை இது. ஷெல்லுக்கு அவை வெறும் கமென்ட், தாண்டிப் போய்விடும். ஆனால் 'ஆர்சி-ஆர்டர்' என்ற இன்னொரு நிரல் அந்தக் கமென்ட்களை மட்டும் வாசித்து வரிசையைக் கணக்கிடும். உரையாசிரியர் ஓரத்தில் எழுதிய குறிப்பை வைத்து மூலத்தின் வரிசையைத் தீர்மானிப்பது மாதிரி. லினக்ஸ் பக்கமும் இதே வழிக்கு வந்தது. 2011-ல் வெளியான டெபியன் 6-ல் எண்களை மனிதர் போட வேண்டியதில்லை, தலைக்குறிப்பிலிருந்து கணக்காகிவிடும்.

சிஸ்டம்டி அந்த ஓரக்குறிப்பையே மூலமாக்கிவிட்டது. நிகழ்ச்சி வர்ணனை எல்லாம் போய், ஒரு யூனிட் கோப்பு பத்துப் பதினைந்து வரியில் நூற்பாபோல நிற்கிறது: இது என்ன, எதை ஓட்டணும், செத்தால் மறுபடி எழுப்பணுமா, யாருக்கு இது வேண்டும். வடிவமாகப் பார்த்தால் இது முன்னேற்றம். குறிப்பாக 'தேவை' வேறு, 'பிறகு' வேறு என்று அது பிரித்தது. ஒன்று எனக்குத் தேவை என்று எழுதினால், அது எனக்கு முன்னால் எழும் என்று அர்த்தமில்லை. அதைத் தனியாக எழுத வேண்டும். புதிதாக வருபவர்கள் எல்லாரும் இங்கே தடுக்கி விழுவார்கள். ஆனாலும் பழைய எண்ணில் ஒட்டிக்கிடந்த இரண்டு அர்த்தங்களை இது பிரித்துவைத்தது. அதேபோல 'இப்போது தொடங்கு' வேறு, 'அடுத்த முறை எழும்போது தொடங்கு' வேறு. 'எனேபிள்' என்று நாம் சொல்லும்போது நடப்பது வழக்கமாக ஒரு கோப்பகத்தில் ஒரு சுட்டி உருவாவது மட்டும்தான்.

சரி, இவ்வளவு சுத்தமான வடிவத்தில் என்னதான் தொலைந்தது?

முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் பழைய சர்வர் ஒன்று இருந்தது. அதன் தொடக்க ஸ்க்ரிப்டில் நாற்பது விநாடி சும்மா தூங்கச் சொல்லும் ஒரு வரி. மேலே ஆங்கில எழுத்தில் தமிழ்: டேட்டாபேஸ் லேட்டாத்தான் எழும், பழைய லாக் எல்லாம் சரிபார்க்கும், இதை எடுத்துடாதீங்க. எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். சர்வரைப் புதுப்பிக்க வந்த வெளி நிறுவனம் அந்த வரியைத் தூக்கிவிட்டு, யூனிட் கோப்பில் முறையாக 'டேட்டாபேஸுக்குப் பிறகு' என்று எழுதிக் கொடுத்தது. பார்க்க நன்றாக இருந்தது. அடுத்த முறை சர்வர் எழுந்தபோது அப்ளிகேஷன் விழுந்து கிடந்தது. காரணம், அந்த டேட்டாபேஸின் யூனிட் 'சிம்பிள்' வகை. புராசஸ் பிறந்த கணமே அது எழுந்துவிட்டதாகச் சிஸ்டம்டி கணக்கு வைத்துக்கொள்ளும். கண் விழிப்பது வேறு, பேசத் தயாராவது வேறு. தயாரானதும் சேவையே தகவல் சொல்லும் 'நோட்டிஃபை' வகையும் சிஸ்டம்டியில் உண்டுதான். ஆனால் அது இங்கே தேவை என்ற அறிவு அந்த ஆளுடைய கமென்ட்டில்தான் இருந்தது. புது மொழிபெயர்ப்பில் இலக்கணம் சரியாக வந்தது, காரணம் விடுபட்டது.

இரண்டாவது இழப்பு இன்னும் பெரியது. எது எழ வேண்டும் என்று முடிவெடுத்தது யார்? ஃப்ரீபிஎஸ்டியில் இதற்கான விடை ஒரே கோப்பில் இருக்கும். சேவையின் பெயர், பக்கத்தில் 'யெஸ்' அல்லது 'நோ'. தயாரிப்பாளரின் இயல்புநிலைகள் தனிக் கோப்பில், அதைத் தொடக்கூடாது. உங்கள் கோப்பில் இருப்பது உங்கள் முடிவு மட்டும். ஒரு மென்பொருளை நிறுவினாலும் நீங்கள் 'யெஸ்' எழுதும்வரை அது பொதுவாக எழாது. டெபியனில் நேர்மாறு: ஒரு சேவையை நிறுவினால், பொதுவாக அதுவே தொடங்கி அடுத்த முறைக்கும் பதிவாகிவிடும். ஃபெடோராவோ தன் முன்தீர்மானப் பட்டியலில் இல்லாத எதையும் அணைத்தே வைக்கும். டெபியனும் ஃபெடோராவும் ஓட்டுவது ஒரே சிஸ்டம்டி. ஆனால் முடிவெடுப்பவர் வேறு. யூனிட் கோப்பை மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது.

அணைப்பது இன்னும் சிக்கல். பிரிண்டர் சேவையை நிறுத்தச் சொன்னால் சிஸ்டம்டி நிறுத்திவிட்டு, அதன் சாக்கெட் இதை மறுபடி எழுப்பக்கூடும் என்று எச்சரிக்கும். இது எனேபிள் ஆகியிருக்கா என்று கேட்டால் ஆமாம், இல்லை என்பதோடு 'ஸ்டாட்டிக்', 'இன்டைரக்ட்' என்றெல்லாம் விடை வரும். உபுண்டு 22.10-லிருந்து எஸ்எஸ்ஹெச் சேவைகூடத் தொடக்கத்தில் எழுந்து நிற்பதில்லை. முதல் ஆள் கதவைத் தட்டும்போதுதான் எழுகிறது. நிஜமாகவே எழக்கூடாது என்றால் 'மாஸ்க்' செய்ய வேண்டும்: அதன் பெயரைச் சூனியக் கோப்புக்குச் சுட்டிவிடுவது. ஒரு எளிய 'வேண்டாம்' சொல்ல இரண்டு அளவு வினைச்சொல் தேவைப்படுகிறது. போட்டரிங்கின் கட்டுரை 'தேவைப்படும்போது தொடங்கு' என்பதைக் கொண்டாடியது. யாருக்குத் தேவைப்படும்போது என்று அது கேட்டிருக்க வேண்டும்.

2014 பிப்ரவரியில் டெபியனின் தொழில்நுட்பக் குழு இரண்டாகப் பிரிந்து, தலைவரின் தீர்மான வாக்கில் சிஸ்டம்டியைத் தேர்ந்தது. அதே ஆண்டு இறுதியில் ஒரு கூட்டம் பிரிந்து 'டெவுவான்' என்று தனிக்குடித்தனம் போனது. முதல் நிலையான பதிப்புக்கு 2017 வரை ஆனது. அந்தச் சண்டையில் வேகம் பேசப்பட்டது, யுனிக்ஸ் தத்துவம் பேசப்பட்டது, ஆளைத் திட்டுவதும் நிறைய நடந்தது. என் வாசிப்பில் அடியில் ஓடிய கோபம் வேறு: என் கணினியில் எது எழணும் என்பதை நானே வாசித்து, நானே சொல்லணும். அந்தக் கோபம் நியாயமானது. அதற்கு அவர்கள் பிடித்துக்கொண்ட ஆயுதம், அதாவது பழைய ஸ்க்ரிப்ட், தவறானது.

ஆகவே என் தீர்ப்பு: 'ரீதிங்கிங் பிஐடி ஒன்' நல்ல பொறியியல் கட்டுரை, பாதி விமர்சனம். எப்படி எழணும் என்பதை அது தீர்த்தது. ஏன், யார் சொல்லி என்பதைத் தொடவில்லை. அந்த மீதிப் பாதியை எழுத இடம் சிஸ்டம்டியிலேயே இருக்கு என்பதுதான் வேடிக்கை. தயாரிப்பாளரின் யூனிட்டைத் தொடாமல், அதன் மேல் உங்கள் திருத்தத்தைத் தனிக் கோப்பாக வைக்கலாம். இரண்டையும் சேர்த்து ஒரே கட்டளையில் வாசிக்கலாம். மூலமும் உரையும் அடுத்தடுத்து. அந்த உரைக் கோப்பில் கமென்ட் எழுத யாரும் தடை போடவில்லை. இது ஏன் இங்கே எழுகிறது, எப்போது அணைக்கலாம், யாரைக் கேட்கணும். மூன்று வரி போதும். அந்த நாற்பது விநாடிக்காரர் எழுதினாரே, ஆங்கில எழுத்தில் தமிழாக, அந்த மாதிரி எழுதினாலும் சரி. மெஷின் அதை வாசிக்காது. அடுத்து வரும் ஆள் வாசிப்பார்.