'எழில் கொஞ்சும்' – சொல்லும் பயன்பாடும்

'எழில்' என்ற சொல்லுக்கு அழகு, தோற்றப் பொலிவு என்று பொருள். 'எழு' என்ற வினையடியோடு தொடர்புடைய இச்சொல்லுக்கு உயர்ச்சி என்ற பொருளும் உண்டு. மழைமேகத்தைக் குறிக்கும் 'எழிலி' இதற்கு உறவான சொல். வான்சிறப்பு அதிகாரத்தின் 17ஆம் குறளில் அது வருகிறது.

இன்றைய எழுத்தில் 'எழில்' தனித்து வருவது குறைவு. சுற்றுலாக் குறிப்புகளிலும் ஊர் அறிமுகக் கட்டுரைகளிலும் 'எழில் கொஞ்சும் கிராமம்' என்ற தொடராகவே பெரும்பாலும் வருகிறது. எந்த ஊருக்கும் பொருந்துவதால் இத்தொடர் எந்த ஊரையும் அடையாளம் காட்டுவதில்லை. குளக்கரை, வயல், ஓட்டு வீடு ஆகியவை இருந்தாலே போதும் என்று ஆகிவிட்டது.

இராமநாதபுரம் மாவட்டத்தின் ஆர்.எஸ்.மங்கலம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இராஜசிங்கமங்கலம் என்பதன் சுருக்கமே இப்பெயர். இங்குள்ள பெரிய கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று மக்கள் சொல்வார்கள். நாரையும் ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத அளவு நீண்டது என்பது கருத்து. இதுவும் புகழ்ச்சிதான், உயர்வு நவிற்சியும்கூட. ஆனாலும் அதில் கண்மாயின் நீளமும் மடைகளின் எண்ணிக்கையும் இருக்கின்றன. மடை என்றால் அதைத் திறப்பவர், அடைப்பவர், அதன் நீரை நம்பியிருக்கும் வயல் எல்லாம் உடன் வந்துவிடுகின்றன. வேறோர் ஊருக்கு இதை அப்படியே எடுத்துச் சூட்ட முடியாது.

'எழில் கொஞ்சும்' என்பதில் இவை எதுவும் இல்லை. அத்தொடர் தவறான இடத்தில் அழகைக் காணவும் செய்கிறது. இம்மாவட்டத்தில் ஒளிப்படத்தில் பசுமையாகத் தெரிவது பல இடங்களில் சீமைக்கருவேலம். கண்மாயின் உட்பகுதியிலும் வரத்துக் கால்வாயிலும் அது மண்டினால் நீர்வரத்து தடைப்படும். வழிப்போக்கருக்கு எழிலாகத் தெரிவது விவசாயிக்கு வெட்டி அகற்ற வேண்டிய சுமை.

நுண்ணறிவு இல்லாதவனின் எழிலை, மண்ணால் செய்து ஒப்பனை செய்த பாவையின் அழகுக்கு ஒப்பிடுகிறது 407ஆம் குறள். ஊரைப் பற்றிய எழுத்துக்கும் இது பொருந்தும். ஊரை அறியாமல் எழுதும் 'எழில்' வெறும் பூச்சு வேலை.

'எழில்' விலக்க வேண்டிய சொல் அன்று. வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்த்திருக்கும் இப்பகுதியில் எழிலி பொழிந்து கண்மாய் நிறைந்தால், அந்தக் காட்சியை எழில் என்று சொல்லலாம். உடன் எத்தனை மடை திறந்தது, எந்த வயல் விளைந்தது என்பதையும் சொன்னால், அந்தச் சொல்லுக்கு உரிய பொருள் கிடைக்கும்.