செந்நாயும் டிங்கோவும்: படம் சொல்வதும் சொல்லாததும்

காட்டு விலங்குகளின் புகைப்படங்கள் இன்று நாள்காட்டி, பாடநூல், தொலைக்காட்சி என எங்கும் மலிந்து காணப்படுகின்றன. அவற்றுள் மிகுந்த குழப்பத்தை விளைப்பவை ‘காட்டு நாய்’ என்ற தலைப்புடன் வரும் படங்களே. ஆஸ்திரேலியாவின் டிங்கோ, நமது மேற்குத் தொடர்ச்சி மலையின் செந்நாய், ஆப்பிரிக்காவின் திட்டுத் திட்டான நிறமுடைய வேட்டை நாய் ஆகிய மூன்றும் இந்த ஒரே பெயரில் அச்சாகின்றன. இவை ஒரே இனத்தவையா? படத்தைப் பார்த்தே இதற்கு விடை கூற இயலுமா?

ஒரு சிறிய சோதனையைக் கற்பனை செய்து பார்ப்போம். காரைக்கால் பகுதியில் உள்ள வரிச்சிக்குடி போன்ற கரையோர ஊர்களில் செம்பழுப்பு நிற நாட்டு நாய்களைக் காணலாம். நிமிர்ந்த காது, ஒடுங்கிய வயிறு, குட்டையான மயிர் ஆகியவை அவற்றின் அடையாளங்கள். அத்தகைய நாய் ஒன்றை, வீடோ மின்கம்பமோ தெரியாதபடி, மணல்மேட்டில் நிற்கவைத்துப் படமெடுத்து, கீழே ‘டிங்கோ, ஆஸ்திரேலியா’ என்று அச்சிட்டால் ஐயுறுவோர் மிகச் சிலரே. அங்கு நம்மை நம்பவைப்பது படமன்று. படத்தின் கீழ் உள்ள வரியே.

டிங்கோவின் வரலாறே இதற்குச் சான்று. கேப்டன் குக்கின் முதற் கடற்பயணத்தில் உடன் சென்ற ஜோசப் பாங்க்ஸ், நாடு திரும்பியபின் ஜார்ஜ் ஸ்டப்ஸ் என்னும் ஓவியரைக் கொண்டு 1772-ஆம் ஆண்டில் டிங்கோவை வரையச் செய்தார். ஸ்டப்ஸ் உயிருள்ள டிங்கோவைக் கண்டவரல்லர். ஓவியத்திற்கு இடப்பட்ட பெயரும் ‘ஒரு பெரிய நாயின் உருவப்படம்’ என்பதே. பின்னர், ஆளுநர் பிலிப்பின் பயணம் பற்றி 1789-இல் வெளிவந்த நூலில் இவ்விலங்கின் படமும் வருணனையும் இடம்பெற்றன. அவற்றை ஆதாரமாகக் கொண்டே மேயர் என்னும் ஜெர்மானியர் 1793-இல் ‘கேனிஸ் டிங்கோ’ என்ற அறிவியற் பெயரைச் சூட்டினார். ஒரு விலங்கின் பெயருக்கு எலும்போ தோலோ அன்றிப் படமே அடிப்படையாயிற்று! அது தனி இனமா, நாயின் ஒரு வகையா என்ற விவாதம் இன்றளவும் முடிந்தபாடில்லை.

தோற்றத்தைக் கொண்டு உறவை முடிவு செய்வதால் வரும் இடர் இதுதான். நம் நாட்டு நாயின் சாயலைக் கண்டு, டிங்கோ இந்தியாவிலிருந்து சென்றது என்று கருதியவர்களும் உண்டு. மரபணு ஆராய்ச்சியோ அதன் உறவைக் கிழக்கு, தென்கிழக்கு ஆசிய நாய்களிடமும் நியூகினித் தீவின் பாடும் நாயிடமும் காட்டுகிறது. அது ஆஸ்திரேலியாவை அடைந்து 3,000 ஆண்டுகளுக்கு மேலாகிறது. மாவுப்பொருளைச் செரிக்க உதவும் மரபணு வளர்ப்பு நாய்களில் பல படிகளாகப் பெருகியிருக்க, டிங்கோவில் ஓநாயைப் போலவே பெருகாமல் உள்ளது. நாய்க்குலத்திலிருந்து மிக முன்னதாகவே பிரிந்த கிளை அது எனலாம்.

செந்நாயின் கதை முற்றிலும் வேறு. நாய், ஓநாய், கோடியக்கரையில் ஊளையிடும் நரி ஆகியவை ‘கேனிஸ்’ என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. செந்நாய் ‘குவோன்’ என்ற தனிப் பேரினம். அதில் இன்று வாழ்வது இந்த ஓர் இனமே. நாய்க்கு 42 பற்கள், செந்நாய்க்கு 40. கீழ்த்தாடையின் இருபுறமும் கடைசிக் கடைவாய்ப்பல் ஒவ்வொன்று குறைவு. ஆகவே, டிங்கோவுக்கு உறவினர் நம் தெருவில் இருக்கிறார், முதுமலையில் இல்லை! வாயை மூடி நிற்கும் செந்நாயின் படம் இதைச் சொல்லுமா?

படங்களின் மற்றொரு குறை, அவை தேர்ந்தெடுக்கும் கணம். செந்நாய் என்றாலே புள்ளிமானின் வயிற்றைக் கிழிக்கும் காட்சிதான் பெரும்பாலும் அச்சேறுகிறது. இக்காட்சி பொய்யன்று, ஆனால் அரைகுறை உண்மை. ‘கொடிய விலங்கு’ என்ற பழிச்சொல்லால் செந்நாய்கள் நெடுங்காலம் கொல்லப்பட்டன. கொன்றவருக்கு அரசு வெகுமதியும் தந்தது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமே அவற்றுக்குக் காப்பளித்தது. நாங்குநேரியில் பிறந்த விலங்கியல் அறிஞர் ஏ.ஜே.டி. ஜான்சிங் 1976 முதல் 1978 வரை பந்திப்பூர்க் காட்டில் அவற்றைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். வேட்டையிலிருந்து திரும்பும் செந்நாய்கள், உண்ட இறைச்சியைக் கக்கிக் குட்டிகளுக்கு ஊட்டுகின்றன; பெற்றோர் மட்டுமின்றிக் கூட்டமே குட்டிகளைப் பேணுகிறது. இந்தக் காட்சியை எத்தனை நாள்காட்டிகளில் கண்டிருக்கிறோம்?

இவ்வகையில் மைசூரைச் சேர்ந்த கிருபாகர், சேனானி இருவரும் பல ஆண்டுகள் பொறுமையுடன் எடுத்த செந்நாய்ப் படங்கள் பாராட்டுக்குரியவை. அவை ஒரு கணத்தை விடுத்து ஒரு குடும்பத்தைக் காட்டுகின்றன. செந்நாய் குரைப்பதற்குப் பதிலாகச் சீட்டியடித்துத் தன் கூட்டத்தை அழைக்கும் என்பதை அசையாப் படம் ஒருபோதும் உணர்த்தாது, திரைப்படம் உணர்த்தும். ஆயினும் திரைப்படத்திலும் ஓர் ஆபத்துண்டு. கதைக்காக விலங்குக்கு நாயகன், வில்லன் என்று வேடமிடும்போது அறிவியல் பின்வாங்கிவிடுகிறது.

பெயரும் படமும் வெறும் ஏட்டுச் சிக்கல்கள் அல்ல. ஆஸ்திரேலியாவின் ஆட்டுப் பண்ணைப் பகுதிகளில் டிங்கோக்கள் ‘காட்டு நாய்’ என்ற பொதுப்பெயரில் நஞ்சிட்டுக் கொல்லப்படுகின்றன. கலப்பினம் என்று கருதப்பட்டவற்றுள் பல கலப்பற்ற டிங்கோக்களே என்று 2023-இல் வெளிவந்த மரபணு ஆய்வு கூறிற்று. அதே ஆண்டில் கெகாரித் தீவில் டிங்கோக்களை நெருங்கித் தம்மைச் சேர்த்துப் படமெடுத்துக்கொண்ட இரு சுற்றுலாப் பயணிகளுக்கு அபராதம் விதிக்கப்பட்டது. மனிதரிடம் அச்சம் இழந்த விலங்கே பின்னர் கடிக்கிறது, கடித்தபின் உயிரிழக்கிறது. நம் காடுகளிலோ, விளிம்புக் கிராமங்களின் நாய்களிடமிருந்து வெறிநோயும் பிற தொற்றுகளும் செந்நாய்களுக்குப் பரவக்கூடும். நாயையும் செந்நாயையும் வேறுபடுத்தி அறியாத ஊரார் இந்த ஆபத்தை எவ்வாறு உணர்வர்?

எனவே நல்ல விலங்குப் படத்திற்கு அழகு மட்டும் போதாது. எடுத்த இடமும் நாளும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். விலங்கு முழு உருவில், தன் சூழலுடன் தெரிய வேண்டும். அது காட்டில் எடுத்ததா, கூண்டில் எடுத்ததா என்பதை மறைக்கக் கூடாது. இனத்தின் சரியான பெயர் கீழே இருக்க வேண்டும். இவை இல்லாத படத்தை அலங்காரமாகச் சுவரில் மாட்டலாம். சான்றாகக் கொள்ள முடியாது. மாணவர்கள் அடுத்த முறை ‘காட்டு நாய்’ என்ற படத்தைக் காணும்போது, ‘எந்த நாய், எந்தக் காடு?’ என்று கேட்டுப் பழகட்டும்.