கட்டற்ற மென்பொருளும் தமிழாசிரியர் கடனும்

ஒரு சொல்லின் பொருள் திரிந்தால் அச்சொல் குறிக்கும் பொருளின் பயனும் நம்மைவிட்டு அகலும். 'கட்டற்ற மென்பொருள்' என்னும் தொடருக்கு நம் தமிழ்ப்பள்ளிகளில் இந்நிலையே நேர்ந்துள்ளது. கட்டணம் அற்றது என்று பலர் கொள்கின்றனர். கட்டுப்பாடு அற்றது என்று சிலர் அஞ்சுகின்றனர். இரண்டும் பிழை.

ரிச்சர்டு ஸ்டால்மன் 1983ஆம் ஆண்டில் குனு திட்டத்தை அறிவித்தார். அதன்வழி வளர்ந்த இயக்கம் பயன்படுத்துவோர்க்கு நான்கு உரிமைகளைக் கோருகிறது. எந்நோக்கத்திற்கும் இயக்குதல், உள்ளமைப்பை ஆராய்தல், படியெடுத்துப் பிறர்க்கு வழங்குதல், திருத்தி வெளியிடுதல் என்பன அவை. குனு பொது உரிமம் ஒரு கட்டுப்பாட்டையும் விதிக்கின்றது: தாம் பெற்ற உரிமையை, அம்மென்பொருளைத் தம்மிடமிருந்து பெறுவோர்க்கு மறுத்தல் கூடாது என்பதே அது. எனவே கட்டற்றது என்பது நெறியற்றது அன்று.

விலையின்மையும் உரிமையும் ஒன்றல்ல என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2020ஆம் ஆண்டில் மலேசியக் கல்வி அமைச்சு தொடங்கிய டெலிமா தளத்தின்வழி, கூகிள், மைக்ரோசாப்ட் முதலிய நிறுவனங்களின் கருவிகள் மாணவர்க்குக் கட்டணமின்றிக் கிடைத்தன. அவற்றின் பயனை யான் மறுக்கவில்லை. ஆயினும் அவற்றில் பிழையான தமிழ்ச்சொல் ஒன்றைக் கண்டால் நாம் விண்ணப்பிக்கலாமேயன்றித் திருத்த இயலாது.

திருத்தும் உரிமையின் அருமையைத் தமிழாசிரியர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. உ. வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, கிடைத்த ஏட்டினை அவ்வாறே அச்சிற்கு அனுப்பினாரல்லர். பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடம் தேர்ந்தார். 1998ஆம் ஆண்டில் தொடங்கிய மதுரைத் திட்டத்திலும் பல நாட்டுத் தமிழர் ஊதியம் கருதாது நூல்களைத் தட்டச்சிட்டு, மெய்ப்புப் பார்த்து, யாவர்க்கும் பொதுவாக்கினர். பெறுதலும் பிழைதிருத்துதலும் நம் மரபில் ஒருசேர நிகழ்ந்தவை.

லூபோக் சீனா வட்டாரத்தில் யான் பணியாற்றும் பள்ளியில், ஒருநாள் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி தமிழ் விக்கிப்பீடியாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஐயா, எட்டுத்தொகை என்றால் எட்டு நூல்களைத் தொகுத்தது என்றீர்களே, இங்கே 'தொகு' என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, எதைத் தொகுப்பது?" என்று வினவினாள். பக்கத்தைத் திருத்தி எழுதுவதற்குரிய பொத்தான் அது. அவள் வினா நேரியது. சேர்த்து வைத்தலே தொகுத்தல். மாற்றி எழுதுதல் திருத்துதல் அன்றோ? இருபது ஆண்டுக்கும் மேற்பட்ட வழக்கு என்று அச்சொல்லுக்கு ஆதரவாக வாதிடுவோரும் உளர். அவ்வாதத்தையும் யான் மதிக்கிறேன். ஆனால் அவ்வழக்கு உருவானபோது நாம் எங்கிருந்தோம்?

விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி ஒரு கட்டற்ற மென்பொருள். அதன் தமிழ்ச்சொற்கள் தன்னார்வலர் எழுதியவை. இத்தகைய மென்பொருள்களில் திரையில் தோன்றும் சொற்கள் நிரலினின்று பிரித்துத் தனியே வைக்கப்படுவது வழக்கம். ஆதலால் நிரல் எழுத அறியாதாரும் அவற்றை மொழிபெயர்க்கலாம், மாற்றம் முன்மொழியலாம். சிறுவர்க்குரிய ஓவிய மென்பொருளான டக்ஸ் பெயின்டும் இவ்வகையில் தமிழ் பெற்றதே. பொறியாளர் பலர் தம் ஓய்வு நேரத்தை ஈந்து இப்பணியைச் செய்தனர். அவர்தம் தமிழில் குறை காணும் நாம், அவர்க்குத் துணைநின்றோமா என்பதே என் வினா.

கேரளத்தில் 2001ஆம் ஆண்டில் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் பின்னர்க் கட்டற்ற மென்பொருளைத் தழுவியது. ஆசிரியரையே பயிற்றுநராக்கி அரசுப் பள்ளிகளெங்கும் அதனைப் பரப்பியது. 2017ஆம் ஆண்டில் 'கைட்' என்னும் நிறுவனமாக வளர்ந்தது. அரசின் ஆதரவு அங்கு இருந்தது. நமக்கு அந்த அளவு இல்லை என்பது உண்மையே. எனினும் ஒரு சொல்லைத் திருத்துதற்கு அரசாணை வேண்டுமோ?

ஆசிரியப் பயிற்சி பெறும் இளைஞர் ஒவ்வொரு குழுவும் ஒரு மென்பொருளின் தமிழை எடுத்துக்கொள்க. சொற்களை வகுப்பறையில் வைத்து ஆராய்க. பொருந்தாதவற்றிற்குக் காரணங்காட்டி மாற்றம் முன்மொழிக. நம் பரிந்துரை ஏற்கப்படாமலும் போகலாம். ஆயினும் அவ்வாராய்ச்சியே சிறந்த இலக்கணப் பாடமாகும்.

இனி வரும் தலைமுறை ஏட்டைவிடத் திரையிலேயே மிகுதியாகத் தமிழைக் காணும். அத்தமிழ் செம்மையாக அமைவதற்கு வழி திறந்திருக்கிறது. திறந்த கதவின் வெளியே நின்றுகொண்டு, உள்ளிருப்போரின் தமிழைப் பழித்துக்கொண்டிருத்தல் ஆசிரியர்க்கு அழகன்று.